பழைய வாஷிங் மெஷினில் முருங்கை இலையின் நீரைப் பிழியலாமா? வீட்டுச் சாதனங்களும் சிறு விவசாயியின் அறுவடை வேலையும்

முருங்கைத் தோப்பு (அரவக்குறிச்சி)

அனைவருக்கும் வணக்கம். காய்க்கு விட்ட பி.கே.எம்.1 ரக மரங்களைத் தவிர, இலைக்கென்றே நெருக்கி விதைத்த முருங்கை எங்களிடம் அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. ஏறக்குறைய நாற்பது நாளுக்கு ஒருமுறை வெட்டுக்கு வரும் இலையை உருவி, கழுவி, நிழலில் உலர்த்தி, உலர்ந்த இலையாகவும் தூளாகவும் விற்கிறோம். ஐந்து கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ உலர்ந்த இலை கிடைத்தால் அது நல்ல கணக்கு. கோடையில் சிக்கலே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில்தான் கழுவிய நீர் இலையிலேயே தங்கிவிட, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவதற்கு முன்பே இலை கறுத்துப் புளித்த வாடையும் வந்துவிடுகிறது. கறுத்த இலையை வாங்க வருபவர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

நீர் பிழிவதற்கென்றே விற்கும் சுழல் இயந்திரங்களின் விலை எங்கள் அளவிலான உற்பத்திக்குக் கட்டுபடியாகாது. வீட்டில் பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது. துவைக்கும் பக்கம் பழுதாகிவிட்டது; துணி பிழியும் டிரையர் பக்கம் நன்றாகவே ஓடுகிறது. அதில் இலையைப் போட்டால் கிழிந்து சாறு விடுமா, வேகத்தைக் குறைக்க வழியுண்டா, விற்பனைக்கான உணவுப் பொருளுக்கு அதைப் பயன்படுத்துவது முறைதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். பரணில் கிடக்கும் வேறு சாதனங்களை அறுவடை வேலைக்குத் திருப்பியவர்கள் இருந்தால் அதையும் இங்கே எழுதுங்கள்.

வைண்டிங் பட்டறை

மோட்டார் காயில் கட்டுவது என் தொழில் என்பதால் இயந்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செமி ஆட்டோமேட்டிக்கின் டிரையர் மோட்டார் கண்டன்சர் வைத்து ஓடும் சிங்கிள் பேஸ் மோட்டார். துணி போடும் டப் அதன் தண்டிலேயே நேரடியாக உட்கார்ந்திருக்கும். வேகம் நிமிடத்துக்கு 1,300 முதல் 1,400 சுற்று. டப்பின் ஆரம் 12 சென்டிமீட்டர், வேகம் 1,350 சுற்று என்று வைத்துக் கணக்கிட்டால், ஓரத்தில் ஒட்டியிருக்கும் இலையின் மேல் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 240 மடங்கு விசை விழுகிறது. துணிக்கு இது தேவை. இலைக்கு மிக அதிகம். வேகம் பாதியானால் விசை நான்கில் ஒரு பங்காகிவிடும் என்பதால், 60 மடங்கு விசையிலேயே இலையின் மேல் நிற்கும் நீர் பெரும்பாலும் போய்விடும்.

ஆனால் வேகத்தைக் குறைக்கச் சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை இதில் மாட்டாதீர்கள். சுமையோடு வேகம் குறைந்து ஓடும்போது இந்த வகை மோட்டாரின் காயில் சூடேறி எரிந்துவிடும். அப்படி எரிந்து என் பட்டறைக்கு வந்தவை நிறைய. இலையைத் தளர்வாக வலைப்பையில் போட்டு, டப்பில் நான்கு பக்கமும் சமமாகப் பரப்பி, மேலே அழுத்தும் பிளாஸ்டிக் தட்டை வைத்து, அரை நிமிடத்துக்குக் குறைவாகவே ஓட்டி நிறுத்துங்கள். டப் முழு வேகத்தை எட்டுவதற்குச் சில விநாடிகள் ஆகும்; எட்டியதும் நிறுத்திவிட்டால் இலை நசுங்காது. பிறகு பையைப் புரட்டி வைத்து இன்னொரு முறை ஓட்டலாம். ஒரு பக்கம் கனம் கூடினால் இயந்திரமே நடக்கத் தொடங்கிவிடும், கவனம்.

உலர்த்துவதோடு ஒப்பிட்டால் இதில் செலவு ஒன்றுமே இல்லை. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, எந்த வழியில் செய்தாலும், ஏறத்தாழ 0.67 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் தேவை. அதே ஒரு லிட்டரை டிரையர் இரண்டு நிமிடத்தில் பிழிந்து தள்ளும்போது யூனிட்டில் நூற்றில் ஒரு பங்குகூடச் செலவாகாது.

உணவுத்தரம்

வைண்டிங் பட்டறை சொன்ன இயந்திரக் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் கேள்வியின் மூன்றாம் பகுதியைத்தான் கவனிக்கிறேன்; அதற்கு என் விடை, இப்போதுள்ள நிலையில் வேண்டாம் என்பதே.

துணி பிழியும் டப்பை வெளியே இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். அதைக் கழற்றி எடுத்து, அது சுழலும் வெளித்தொட்டியின் அடிப்பகுதியைப் பாருங்கள். சோப்புப் படிவும், நூல் துகளும், பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான ஒரு பூச்சும் ஒட்டியிருக்கும். அந்த வழுவழுப்பு கிருமிகள் கூட்டமாகக் கட்டிக்கொண்ட வீடு. பிளீச்சிங் கரைசலை மேலே ஊற்றி இரண்டு சுற்று ஓட்டுவதால் அது போகாது. கையால் தேய்த்து எடுத்த பிறகுதான் கிருமிநாசினிக்கு வேலை.

கீரையாக இருந்தால் வாங்குபவர் கொதிக்கவைத்துச் சாப்பிடுவார். முருங்கைத் தூளின் நிலை வேறு. நிழலில் உலர்த்தி அரைப்பதால் கிருமியைக் கொல்லும் சூடு எந்தக் கட்டத்திலும் அதற்குக் கிடைப்பதில்லை. வாங்குபவரும் மோரிலோ பழச்சாற்றிலோ அப்படியே கலந்து குடிக்கிறார். 2025-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முருங்கை இலைத் தூளோடு தொடர்புடைய சால்மோனெல்லா நோய்ப் பரவல் ஏற்பட்டதைத் தூள் விற்பவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். உலர்ந்த பொருளில் அந்தக் கிருமி பெருகாது என்றாலும், சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும்.

வைண்டிங் பட்டறை

ஐயா சொல்வது சரி. இருந்தாலும் ஒரு சிறு மறுப்பு உண்டு. சுழலும்போது நீர் வெளிப்பக்கமாகத்தான் எறியப்படுகிறது. வெளித்தொட்டியில் விழுந்த நீர் திரும்பி உள்ளே வருவதில்லை. இலை தொடுவது உள் டப்பை மட்டுமே. ஆகவே உள் டப்பைப் புதிதாக வாங்கிப் போட்டால் போதாதா? பிரபலமான மாடல்களுக்கு உள் டப் தனி உதிரிப் பாகமாகவே கிடைக்கிறது.

உணவுத்தரம்

முக்கால் பங்கு சரி என்று சொல்வேன். வேகமாகச் சுழலும் டப் பனிமூட்டம் போன்ற நுண்துளிகளையும் எழுப்புகிறது. அவை மூடியின் அடிப்பக்கத்தில் படிந்து, திறக்கும்போது இலையின் மேலேயே சொட்டுகின்றன. வடிகுழாய் அடைத்துக்கொண்டால் அடியில் நிற்கும் நீரை டப் அள்ளி அடிக்கும். ஆகையால் புதிய டப் போடுவதோடு, வெளித்தொட்டியையும் மூடியையும் ஒருமுறையாவது முழுமையாகக் கழற்றித் தேய்க்க வேண்டும். அதன் பிறகு அந்த இயந்திரத்தில் ஒரு கைக்குட்டைகூடத் துவைக்கக் கூடாது.

அமெரிக்காவில் சிறு கீரைப் பண்ணைகள் வாஷிங் மெஷினைக் கீரை உலர்த்தியாக மாற்றிக்கொள்வது வெகுநாளாக நடந்துவருகிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை அதற்கு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. அங்கேயும் பேச்செல்லாம் கழுவ முடிகிற பரப்பு, ஒளிந்த மூலை இல்லாத அமைப்பு என்பதைச் சுற்றித்தான். நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு விதிகளின் நான்காம் அட்டவணையும், உணவைத் தொடும் பரப்பு நச்சற்றதாகவும் வழவழப்பாகவும் எளிதில் கழுவக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. பழைய இயந்திரம் என்பதற்காக எவரும் தடுக்கப்போவதில்லை. கழுவ முடியாத இயந்திரம் என்றால் தடுப்பார்கள்.

களத்துமேடு (புதுக்கோட்டை மாவட்டம்)

தம்பி கேட்டது இலையைப் பற்றி. நான் எள்ளும் உளுந்தும் போடுகிறவன், ஆகையால் தூற்றுவதைப் பற்றிச் சொல்கிறேன்.

2011-இல் தொடங்கி அரசு குடும்ப அட்டைக்குக் கொடுத்த விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் எங்கள் பக்கத்தில் இல்லாத வீடு கிடையாது. அந்த மேசை விசிறிகளில் பல இன்று காற்று வரவில்லை என்று ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன. தண்டைத் தாங்கும் புஷ் எண்ணெயில்லாமல் காய்ந்துபோனதோ கண்டன்சர் பலவீனமானதோதான் பெரும்பாலும் காரணம். இரண்டையும் சொற்பச் செலவில் சரிசெய்துவிடலாம். காற்றுக்காகக் களத்தில் மாலை வரை காத்திருந்த காலம் போய், இப்போது விசிறி இருந்தால் எந்த நேரமும் தூற்றலாம். இதில் புதுமை ஒன்றும் இல்லை, ஊரெல்லாம் செய்கிறார்கள். ஆனால் செய்கிற விதத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள்.

விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் முகத்துக்கு நேரே கொட்டினால் உளுந்து தாங்கும், எள் தாங்காது. பதரோடு நல்ல எள்ளும் பறந்துவிடும். எள்ளை முதலில் சல்லடையில் சலித்து, காய்த்தோட்டையும் இலைச் சருகையும் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு மிச்சமிருப்பது பொக்கு எள்ளும் தூசியும்தான். விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, முறத்தை இடுப்புயரத்தில் பிடித்து, விளிம்பிலிருந்து மெல்லிய திரையாக விழும்படி சரித்துக்கொண்டே வந்தால், கனமானது விசிறிக்கு அருகிலும் இலேசானது தள்ளியும் தானாகவே பிரிந்து விழும். மிக அருகில் விழும் குவியலில் மண்ணாங்கட்டியும் சிறு கல்லும் இருக்கும். அதற்கு அடுத்த குவியல்தான் விதைக்கு எடுத்துவைக்க வேண்டியது. நடுக்குவியல் செக்குக்கு. கடைசியில் கிடப்பதை மாட்டுக்குக் கொடுத்துவிடலாம். எந்த இடத்தில் எது விழுகிறது என்று தெரிவதற்குக் கீழே வெள்ளை நிறத் தார்ப்பாயை விரிப்பது நல்லது. கறுப்பு எள் போடுபவர்களுக்கு இது மிகவும் உதவும்.

விசிறியின் மோட்டார் பின்பக்கத்திலிருந்து காற்றை இழுக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. இயற்கைக் காற்றுக்கு எதிராக விசிறியை வைத்தால் பறக்கும் தூசியெல்லாம் சுழன்று மோட்டாருக்குள்ளேயே போய் அடைக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் விசிறியை வைத்து, அது போகும் திசையிலேயே ஊதவிட வேண்டும். தூற்றுபவர் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்வது கட்டாயம். உளுந்துத் தூசி நெஞ்சைக் கட்டிவிடும்.

மாடித்தோட்டம்

ஐயா, எங்கள் வீட்டிலும் அதே மிக்சியின் மோட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. அதில் ஒரு பெல்ட் மாட்டிச் சிறிய கதிரடிக்கும் கருவியோ கடலை உடைக்கும் கருவியோ செய்யலாமா?

வைண்டிங் பட்டறை

செய்யக் கூடாது. மிக்சி மோட்டார் கார்பன் பிரஷ் வைத்து ஓடும் வேறு இனம். நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று சுற்றும். பெல்ட் அறுந்து சுமை விட்டுப்போனால் வேகம் இன்னும் ஏறும். அதில் மாட்டிய சக்கரம் வெடித்துச் சிதறலாம். சில நிமிடம் ஓட்டிச் சில நிமிடம் ஆறவிடும் வகையில் செய்யப்பட்ட மோட்டாரைக் களத்தில் மணிக்கணக்கில் ஓட்டவும் முடியாது. மெதுவாகவும் உறுதியாகவும் சுற்ற வேண்டிய வேலை என்றால் பழைய கிரைண்டர் மோட்டாரைப் பாருங்கள். சாய்க்கும் வகைப் பெரிய கிரைண்டரில் அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் பெல்ட்டும் புல்லியும் ஏற்கெனவே இருக்கின்றன.

விதைக்கூடை

மிக்சியை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மோட்டாரைக் கழற்றாமல் மிக்சியாகவே வைத்துக்கொண்டால் விதை எடுக்கும் வேலைக்கு அதைப்போல ஒன்று இல்லை. நாட்டுக் கத்தரி பழுத்து மஞ்சளான பிறகு, சதைக்குள் புதைந்திருக்கும் விதையைக் கையால் பிசைந்து எடுப்பது பெரும் பாடு. பழைய ஜாரின் பிளேடை அரத்தால் தேய்த்து முனையை மழுக்கி, அதன் மேல் ரப்பர் குழாயை இறுக்கமாகச் செருகிவிடுங்கள். பழத்தைத் துண்டுகளாக்கி ஜாரில் பாதிக்கு மேல் நீர் ஊற்றி, தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டுத் தட்டினால், சதை கூழாகிப் பிரிய, விதை சேதமில்லாமல் அடியில் தங்கும். ஒரு வாளியில் கொட்டி நீர் ஊற்றி வடித்தால் கூழும் பொக்கு விதையும் மிதந்து வெளியேறும். முற்றிய விதை அடியில் நிற்கும். மிளகாயை இப்படி அரைத்தால் ஜாரை உடனே திறக்காதீர்கள், நெடி கண்ணைத் திறக்க விடாது.

ஓடாத ஃபிரிட்ஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் விதைகள் எல்லாம் அப்படியொரு ஃபிரிட்ஜில்தான் இருக்கின்றன. எலி உள்ளே போகாது, சுவரில் தடித்த பஞ்சு அடைப்பு இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் ஏறியிறங்குவது குறைகிறது. விதை அறிவியலார் ஹாரிங்டன் சொன்ன கைக்கணக்கு ஒன்று உண்டு: விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் வெப்பம் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். ஓடாத ஃபிரிட்ஜ் வெப்பத்தைக் குறைத்துத் தராது என்பதால், முதல் பாதியை நாமே செய்தாக வேண்டும். விதையை நன்றாக உலர்த்தி, இறுக்கமாக மூடும் பாட்டிலில் அடைத்து, வறுத்து ஆறிய அரிசியைச் சிறு துணிமுடிச்சாக உள்ளே போட்ட பிறகே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஈரமான விதையைப் பாட்டில் இல்லாமல் உள்ளே வைத்துக் கதவை மூடினால், காற்றோட்டம் இல்லாத பெட்டியில் பூஞ்சை பிடித்துவிடும். ஓடுகிற ஃபிரிட்ஜில் வைப்பவர்கள், பாட்டிலை வெளியே எடுத்ததும் திறக்காமல் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும்.

வைண்டிங் பட்டறை

அம்மா சொன்னதோடு இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடாத ஃபிரிட்ஜைத் தோட்டத்தில் வைத்தால் வெளியே பூட்டு மாட்டுங்கள், அல்லது கதவின் காந்த ரப்பரை உருவிவிட்டு வெறும் கொக்கி போடுங்கள். ஒளிந்து விளையாடப் போன குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்டு இறந்ததால்தான், உள்ளிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டமே கொண்டுவந்தது. அடுத்தது, பின்பக்கக் குழாயை வெட்டிக் கம்ப்ரசரைக் கழற்றும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். அண்மைக் காலத்து ஃபிரிட்ஜ்களில் ஆர்-600ஏ என்ற எரியும் வாயு இருக்கிறது. மூடிய அறையில் அதை வெளியேற்றி அருகில் வெல்டிங் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொதிகைச் சாரல் (தென்காசி)

எங்கள் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் சிறுகிழங்கு அறுவடை. விரல் நுனி அளவுக் கிழங்கில் ஒட்டிய செம்மண்ணைக் கழுவுவதற்கு ஆள் கிடைப்பதில்லை. செமி ஆட்டோமேட்டிக்கின் துவைக்கும் பக்கத்தை இதற்குப் பயன்படுத்துகிறோம். தொட்டியில் பாதி நீர் விட்டுக் கிழங்கைப் போட்டால், அடியில் உள்ள சக்கரம் முன்னும் பின்னும் சுற்றும்போது கிழங்கோடு கிழங்கு உரசியே மண் போய்விடுகிறது; தோலும் ஓரளவு உரிகிறது. வீட்டில் சாக்குப்பையில் போட்டுத் தேய்ப்பதை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் வயலிலிருந்து வந்த கிழங்கை நேரே தொட்டியில் கொட்டினால் அந்தப் பருவத்தோடு இயந்திரம் போய்விடும். சக்கரத்தின் தண்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. மணல் அதற்குள் புகுந்தால் சீல் தேய்ந்து, நீர் சொட்டுச் சொட்டாகக் கீழே உள்ள கியருக்கும் மோட்டாருக்கும் இறங்கும். அதனால் முதலில் சிமெண்ட் தொட்டியில் ஊறவைத்துக் கிளறி, கனமான மணலை அங்கேயே தங்கவைத்து, கிழங்கை மட்டும் கூடையில் அள்ளி இயந்திரத்துக்கு மாற்றுகிறோம். மண் கலந்த நீர் குழாயை அடைப்பதால், அதை எடுத்துவிட்டு அகலமான குழாய் போட்டு வாழைக்குப் பாய விட்டிருக்கிறோம். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் இதே முறை பொருந்தும், கிளைக்கிளையாக இருக்கும் இஞ்சியைச் சிறு துண்டுகளாக உடைத்துப் போட வேண்டும்.

முருங்கைத் தோப்பு (அரவக்குறிச்சி)

அனைவருக்கும் நன்றி. உணவுத்தரம் ஐயா சொன்னபடி டப்பைக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்கத் தகட்டை எடுத்து, மோட்டார் தண்டின் இணைப்பில் உள்ள போல்ட்டைத் தளர்த்தினால் டப் மேலே வந்துவிடுகிறது. வெளித்தொட்டியின் அடியில் இருந்ததை இங்கே விவரிக்க விருப்பமில்லை. ஐயா எழுதியதைவிட மோசம். புதிய டப்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீரைப் பிழிந்த பிறகும் அடைமழை நாட்களில் இலையின் உள்ளீரம் போக வேண்டுமே? இப்போது ஓர் அறையில் வலைத்தட்டுகளை அடுக்கிச் சீலிங் ஃபேனைப் போடுகிறோம். மழை பிடித்துவிட்டால் இரண்டாம் நாளும் இலை துவண்டே கிடக்கிறது.

ஏ.சி. பணிமனை

மூடிய அறையில் சீலிங் ஃபேன் அதே ஈரக் காற்றைத்தான் சுற்றவிடும். இலையிலிருந்து ஏறிய ஈரத்துக்கு அறையை விட்டு வெளியேற வழி வேண்டும். மழை இல்லாத நாளில் ஒரு பழைய எக்சாஸ்ட் ஃபேனை ஒரு சுவரின் மேற்பக்கத்திலும், கொசுவலை அடித்த திறப்பு ஒன்றை எதிர்ச்சுவரின் கீழ்ப்பக்கத்திலும் வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். அடைமழையில் வெளிக்காற்றே நனைந்திருக்கும் என்பதால் எக்சாஸ்ட் ஃபேனால் பயனில்லை.

அந்த நாட்களுக்கு ஒரு வழி, பழைய விண்டோ ஏ.சி. அதைச் சன்னலில் மாட்டாமல் முழுவதையும் அறைக்குள்ளேயே ஒரு மேசையின் மேல் வைத்து, கதவு சன்னல்களை இறுக மூடி ஓட்ட வேண்டும். முன்பக்கம் காற்றைக் குளிர்வித்து அதன் ஈரத்தை நீராக வடிக்கும். பின்பக்கம் அந்த வெப்பத்தையும் மோட்டாரின் வெப்பத்தையும் சேர்த்து அறைக்குள்ளேயே விடும். விளைவாக அறை சற்றுச் சூடாகவும் மிகவும் வறண்டும் மாறும், இலை உலர்வதற்கு அதுதானே வேண்டும்? ஒன்றை மட்டும் கவனியுங்கள். விண்டோ ஏ.சி.யின் அடித்தட்டில் தேங்கும் நீரைப் பின்பக்க விசிறியின் விளிம்பிலுள்ள வளையம் வாரி, சூடான கம்பிகளின் மேல் தெளிக்கும்படி பல மாடல்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பிவிடும். அடித்தட்டின் வடிகால் துளையைத் திறந்து, குழாய் மாட்டி, நீரை அறைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அறையில் ஒரு வெப்பமானியையும் தொங்கவிடுங்கள். 45 டிகிரியைத் தாண்ட விட்டால் கம்ப்ரசர் திணறும், இலையின் பச்சையும் மங்கும்.

மின்செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் பன்னிரண்டு யூனிட் ஆகிவிடும். அதனால் மழை விடாத நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

உணவுத்தரம்

இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் ஏ.சி. உணவைத் தொடுவதே இல்லை. அதன் ஃபில்டரையும் குளிர்ப்பக்கத் தகடுகளையும் மட்டும் பருவத்துக்கு முன்பாகக் கழுவிவிடுங்கள்; வருடக்கணக்கில் சேர்ந்த பூஞ்சைத் தூசி இலையின் மேல் ஊதப்படக் கூடாது. பொதுவாக என் அளவுகோல் இதுதான்: காற்றையோ குளிரையோ மட்டும் தரும் பழைய சாதனத்தை நான் தாராளமாக அனுமதிப்பேன், விளைபொருளை நேரே தொடும் சாதனத்தைப் பத்து முறை யோசிப்பேன். தோலுரித்து வேகவைக்கும் சிறுகிழங்குக்கு அந்தக் கண்டிப்பு தேவையில்லை. தூளுக்குத் தேவை. இலையைக் கழுவும் நீர் குடிநீர்த் தரத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிணற்று நீரில் கிருமி இருந்தால், எவ்வளவு புதிய டப் போட்டாலும் வீண்.

களத்துமேடு (புதுக்கோட்டை மாவட்டம்)

ஈரக் கையோடு பழைய இயந்திரத்தின் சுவிட்சைத் தொடுகிற வேலை இது. தோட்டத்துக் கொட்டகையில் பெரும்பாலும் எர்த் கம்பி பேருக்குத்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே?

வைண்டிங் பட்டறை

நன்றாகக் கேட்டீர்கள், ஐயா. இந்த இழையில் வந்த எந்தச் சாதனமாக இருந்தாலும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி. ஒன்று முன்னால் இருக்க வேண்டும். மூன்று முள் பிளக்கை வெட்டி இரண்டு கம்பியாக்கி நேரே சொருகுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரத்தில் நிற்கும் இரும்புக் கூட்டுக்கு எர்த் இல்லாமல் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்தி அது விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

முருங்கைத் தோப்பு (அரவக்குறிச்சி)

ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே இருக்கிறது, எர்த்தைச் சோதித்துவிடுகிறேன். கடைசியாக ஒரு கேள்வி. டிரையரின் மூடியைத் திறந்த பிறகும் டப் சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அரை அரை நிமிடமாக ஓட்டி நிறுத்துவதற்கு அது தடையாகுமா?

வைண்டிங் பட்டறை

தடை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. மூடியைத் திறந்தால் இரண்டு காரியம் நடக்க வேண்டும்: மூடியின் அடியிலுள்ள சுவிட்ச் மோட்டாருக்கான மின்சாரத்தை வெட்ட வேண்டும், அதே நேரத்தில் ஒரு மெல்லிய கம்பி தளர்ந்து, கீழே உள்ள பிரேக் டப்பைப் பிடிக்க வேண்டும். சில விநாடிக்குள் டப் நிற்கவில்லை என்றால் அந்தக் கம்பி தளராமல் இறுக்கமாக நிற்கிறது அல்லது பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள். பிளக்கை உருவிவிட்டுப் பின்பக்கத் தகட்டைத் திறந்தால், தண்டின் இணைப்பை ஒட்டி அந்தக் கட்டை தெரியும். கம்பி சற்றுத் தளரும்படி அதன் கொக்கியை அடுத்த துளைக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் கட்டையை மாற்றிவிட வேண்டும், மலிவான பாகம்தான். உருவும் வேலைக்கு வரும் பெண்கள் அவசரத்தில் ஓடும் டப்புக்குள் கை விட்டுப் பையை இழுக்கப் பார்ப்பார்கள், வலைப்பையின் கயிறு விரலில் சுற்றிக்கொண்டால் விரல் போய்விடும். பிரேக் சரியாகும்வரை அதில் ஒரு பிடி இலையைக்கூடப் போட வேண்டாம்.